கை எட்டிய மட்டும்

பீரோவின் இடது பக்கப் பலகையில் தன் கை எட்டுகிற உயரம் வரை அடித்து முடித்துவிட்டுப் பலவேசம் பிரஷை டப்பாவின் விளிம்பில் ஒரு தடவை வழித்தான். இன்னொரு தடவை வழித்தான். வழிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மூன்றாவது தடவை வழித்தான். கீழே எல்லாம் கடல் நிறம். மேலே ஒன்றரை அடிக்கு வெளிர் மஞ்சள். இரண்டுக்கும் நடுவில், அவன் விரல் நுனி எங்கே நின்றதோ அங்கே, பல் பல்லாக ஓர் ஈரக் கோடு. இந்த வெயிலுக்கு, ஜன்னல் திறந்து கிடக்கிற இந்த அறையில், அந்த ஈரம் கால் மணி நேரம் தாங்கும், மிஞ்சிப்போனால் இருபது நிமிஷம். அதற்குள் ஈரத்தோடு ஈரமாக மேலே இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். விட்டால் காய்ந்த ஓரத்தின் மேல் புது பெயிண்ட் ஏறி உட்கார்ந்து குறுக்கே ஒரு தழும்பு விழும், அப்புறம் எத்தனை கோட்டு பெயிண்ட் அடித்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அது பல்லைக் காட்டும். வலது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கிறது, பிரச்சினை இல்லை. முன்பக்கம் கதவுக்கு மேலே ஒரு குறுக்குப் பட்டை ஓடுகிறது, அதோடு நிறுத்திக்கொண்டால் கேட்பாரில்லை. இடது பக்கம்தான் தரையிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே நெடும் பலகை, மூச்சு விடாமல் போகிற பலகை. பெயிண்டர் என்று சொல்லிக்கொள்கிற எவனும் மேலேயிருந்துதான் ஆரம்பிப்பான். சொட்டுகிறது கீழே சொட்டும், கீழே இன்னும் அடிக்கவில்லை, அதனால் குற்றமில்லை. வேலைக்கு வந்த முதல் நாளே தெரிகிற சங்கதி. இருபத்தாறு வருஷம் சுவர் அடித்தவன் இன்றைக்குக் கீழேயிருந்து ஆரம்பித்திருக்கிறான். தெரியாமல் இல்லை, தெரிந்துதான். காலையில் அந்த நாலு படி ஏணியைக் கொண்டுவந்து பீரோவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தான், வைத்ததுமே அதற்கு முதுகைக் காட்டினான், சரி கீழ மொதல்ல முடிப்போம், மேல பெறவு பாத்துக்கிடலாம் என்று குனிந்தான். குனிந்தவாக்கிலேயே இன்னொன்றும் நினைத்தான். அடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் கை நின்றுதானே ஆக வேண்டும், நின்றால் காயும், காய்ந்துவிடுமே என்ற பயத்திலாவது ஏறிவிட மாட்டேனா. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பொறி. இப்போது பொறிக்குள் நிற்கிறான், பிரஷை நாலாவது தடவை வழிக்கிறான்.

பீரோ ரோஸ்லின் டீச்சருடையது. பாளையங்கோட்டையில் முப்பத்தைந்து வருஷம் பெண்பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். போன வருஷம் வரை இதே வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு பின்கட்டில் ஒரு சின்ன அறையில் இருந்தாராம். அண்ணன் தன் மகனோடு இருக்க பெங்களூர் போன பிறகு வீடு முழுக்க அவருக்கு வந்தது, கூடவே இந்த பீரோவும் வந்தது. ஏழரை அடி உயரம், கதவில் ஆளுயரக் கண்ணாடி, உச்சியில் செதுக்கு வேலை. "எங்க அண்ணன் சட்டை மாட்டுற பீரோ பலவேசம். எனக்கு இதுல ஒரு தட்டு கூடக் கெடையாது. கறுகறுன்னு நிக்குது பாருங்க, இருட்டுல போலீஸ்காரன் நிக்க மாதிரி. காலைல கண்ண முழிச்சா எனக்குக் கடல் தெரியணும், அவ்ளோதான்" என்று முதல் நாள் சொன்னார். அண்ணன் போனில் கத்தினார், டீச்சர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்: "ஈட்டி மரத்துல போயி பெயிண்ட் அடிக்கப் போறியா? ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா ரோஸ்லி?" பலவேசம் உப்புத்தாளை எடுத்து பீரோவின் பின்னங்காலில் ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தான். கறுப்பு உதிர்ந்தது, அடியில் வெளிறிய மரம். பக்கப் பலகையில் தேய்த்தான், அதுவும் அப்படித்தான். "டீச்சர், சாரு கோவிக்கக் கூடாது. இதுல ஈட்டி ஒரு துண்டு கூட இல்ல. மாமரமும் வாகையும்தான். கறுப்புப் பாலீஷ ஊத்தி ஈட்டின்னு சொல்லி ஏமாத்திருக்கான் அந்தக் காலத்துலயே." டீச்சர் சிரித்த சிரிப்பில் வெங்காயம் கையிலிருந்து உருண்டு போனது. அதை நினைத்தால் இப்போதும் பலவேசத்துக்கு உதடு கோணுகிறது, வேர்வையும் வழிகிறது, இரண்டும் சேர்ந்து வருகிறது. அந்தக் கறுப்பு மேலே கசிந்து வராமல் இருக்க அரக்குப் பாலீஷ் இரண்டு தடவை பூசினது, அதற்கு மேல் வெளிர் மஞ்சள், மஞ்சள் காய்ந்ததும் கைபடுகிற இடத்திலெல்லாம், விளிம்பு, மூலை, பூட்டைச் சுற்றி, மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன் மேல் கடல் நிறம். நாளைக்கு உப்புத்தாளால் ஒரு தடவு தடவினால் மெழுகு இருக்கிற இடத்தில் மட்டும் கடல் விலகி மஞ்சள் எட்டிப் பார்க்கும், நூறு வருஷம் உப்புக்காற்றில் நின்ற மாதிரி ஆகிவிடும். டீச்சர் செல்போனில் படம் காட்டிக் கேட்டபோது அவனுக்குச் சிரிப்புதான் வந்தது, வாழ்நாள் பூரா பழசைப் புதுசாக்கிக்கொண்டிருந்தவனிடம் புதுசை அடித்துப் பழசாக்கிக் கொடு என்கிறார்களே என்று. ஆனால் ஒரு துண்டுப் பலகையில் செய்து கொண்டுபோய்க் காட்டினபோது டீச்சர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் கேட்டத விட நல்லாருக்கே" என்றார். கேட்டதை விட. பதினாலு மாதத்தில் அவனைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது, அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மனைவி செண்பகத்திடம் அதை மூன்று தடவை சொன்னான், மூன்றாவது தடவையும் அவள் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டாள்.

பதினாலு மாதம். எண்ண வேண்டாம் என்றாலும் எண்ணிவிடுகிறது. ஏணியின் முதல் படி அவன் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, வீட்டு வாசற்படியை விடச் சின்ன உயரம், அதில் ஏற ஒரு மனிதனுக்குத் தைரியம் வேண்டுமா. இரண்டாவது படி முழங்கால். மூன்றாவது இடுப்புக்குக் கீழே. மூன்றாவதில் நின்றால் போதும், உச்சி வரைக்கும் எட்டும். இடுப்பு உயரம், அங்கேயிருந்து விழுந்தால் கூட என்ன ஆகிவிடும், சிராய்க்கும், அவ்வளவுதான். இதெல்லாம் தலைக்குத் தெரிகிறது. குதிகாலுக்குத் தெரியவில்லை. ஏணியைப் பார்த்ததும் வலது குதிகாலில் ஏதோ ஊர்கிறது, எறும்பு இல்லை, எறும்பு போல, அது கெண்டைக்கால் வழியாக ஏறி உள்ளே கம்பி வைத்த இடத்தில் வந்து நின்று காத்திருக்கிறது. கல்யாண மண்டபம். மூன்றாவது மாடி, வெளிச்சுவர், சந்தன நிறம். சவுக்குக் கம்பில் கட்டின சாரம், முந்தின நாள் மழையில் நனைந்த கயிறு. முடிச்சு நழுவினது சத்தமே இல்லாமல்தான். கத்தினானா என்று கேட்டார்கள் பிறகு. கத்தவில்லை, கத்த நேரம் இருந்தது, ஆனால் அவன் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடி சன்ஷேடுக்கு அடியில் முதல் கோட்டிலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் பெயிண்ட் படாமல் விட்டுப்போயிருந்தது. அடடா, இத விட்டுட்டமே. அவ்வளவுதான் நினைத்தான். மனைவி இல்லை, சாமி இல்லை, ஒரு உள்ளங்கை அகலம் சிமெண்டுச் சுவர். மணல் குவியலில் விழுந்ததால் உயிர் இருந்தது. செண்பகம் கீழேதான் நின்றிருந்தாள், கல்யாணமான நாளிலிருந்து அவனோடு சித்தாளாக வந்தவள், அன்றைக்கு வாளியில் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தாள், ஓடி வந்ததில் கால் தட்டி வாளி சாய்ந்தது, அவன் முகத்துக்குப் பக்கத்தில் சந்தன நிறம் மணலுக்குள் மெதுவாக இறங்கினது. வலிக்கவே இல்லை அப்போது. வலி எல்லாம் பிறகு வந்தது, பிறகு போய்விட்டது. போகாதது இந்த எறும்புதான். ஜங்ஷன் மேம்பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிறான். வீட்டில் பல்பு பீஸ் போனால் செண்பகம்தான் ஸ்டூலில் ஏறுகிறாள், அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறான், பிடித்துக்கொள்கிற சாக்கில் தரையைப் பார்த்துக்கொள்கிறான்.

தரையிலும் வேலை இருக்கிறது என்று கண்டுபிடித்தது அவனேதான், அதில் அவனுக்கு ஒரு கர்வமும் உண்டு. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் ஆரம்பித்தது. அப்புறம் தையல்கடைக்காரர் நாற்காலி, டாக்டர் வீட்டு டீப்பாய், ஸ்டூல்கள், ஒரு பழைய ரேடியோப் பெட்டி. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடிக்குள் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. எதுவும் அவன் நெஞ்சு உயரத்தைத் தாண்டினது இல்லை. இந்த பீரோவைப் பார்க்க வந்த அன்றைக்கு அண்ணாந்து பார்த்தபோதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். படுக்க வைத்து அடிக்கலாம் என்றால் கதவில் அந்தக் காலத்துக் கண்ணாடி, அசைத்தால் அதன் உயிருக்கு உத்தரவாதமில்லை. வாய் என்னவோ "செய்யலாம் டீச்சர்" என்றது. அந்த "செய்யலாம்" எங்கேயிருந்து வந்தது என்று இன்னமும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகம் வந்தாள், மேலே உப்புத்தாள் தேய்த்தது, அரக்கு பூசினது, மஞ்சள் அடித்தது, மூன்றும் அவள்தான். மேல் வேலை அவ, கீழ் வேலை நான் என்று டீச்சரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான், டீச்சரும் சிரித்தார், கணக்கு தீர்ந்த மாதிரி இருந்தது. செண்பகம் ஏறும்போதெல்லாம் அவன் வேறு வேலையாகத் திரும்பி நின்றான். இப்போது அவள் ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில் இருக்கிறாள், மத்தியானம் அரை நாள் சொல்லிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். டீச்சர் பீரோவுக்குப் பித்தளைக் கைப்பிடி வாங்க டவுனுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. கோடு காய்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிஷம் போயிருக்குமா. சுட்டுவிரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான், இன்னும் ஈரம்தான், ஆனால் விரலோடு வருகிற ஈரம் இல்லை, விரலை இழுக்கிற ஈரம். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க, சாப்ட்டீங்களா?" மிஷின் சத்தத்துக்கு நடுவில் செண்பகம் கத்திப் பேசினாள். "ரெண்டு மணிக்கு விடுதேன்னுட்டாக. நான் வார மட்டும் கடைசிக் கோட்டு அந்த நெடும் பலகையில தொட்டுறாதீங்க, என்ன? பாதில நிப்பாட்டுனா ஜாயிண்டு தெரியும்." பலவேசம் ஈரக் கோட்டைப் பார்த்தபடி, "தொடல" என்றான். "கதவ மட்டும் முடிச்சு வைங்க. நான் வந்து மேல இழுத்துருதேன்." "சரிட்டி." அவள் வைக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அத்தனை இரைச்சலிலும் அது தெளிவாகக் கேட்டது: "ஏறாட்டாலும் ஒண்ணுமில்லங்க. நான் இருக்கேம்லா." போனைப் பைக்குள் போட்டான். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவளுக்குக் குத்தத் தெரியாது, ஆறுதலாகத்தான் சொன்னாள், அதனால்தான் உள்ளே எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. ஒண்ணுமில்ல. ஏறாவிட்டால் ஒண்ணுமில்லை. வாழ்க்கை பூரா இப்படியே நெஞ்சு உயரத்துக்குள் இருந்துகொள்ளலாம், ஸ்டூல், டீப்பாய், தொட்டில், அதுவும் வேலைதான், அதிலும் சோறு கிடைக்கும், ஒண்ணுமில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். செண்பகம் ஏறுவாள், அவன் தரையைப் பார்ப்பான், பல்பு எரியும், ஒண்ணுமில்லை. அந்த ஒண்ணுமில்லையை நினைக்க நினைக்க எறும்பை விட அதுதான் பயமாக இருந்தது. பிரஷை டப்பாவில் முக்கினான். நிறைய முக்கினான், சொட்டுகிற அளவுக்கு. சொட்டுகிற பிரஷை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது, எங்கேயாவது கொண்டுபோய்த் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

முதல் படியில் இடது காலை வைத்தான், நல்ல காலை. வலது கால் தரையை விட மாட்டேன் என்றது. கட்டளை போட்டுப் பார்த்தான், கேட்கவில்லை. கெஞ்சிப் பார்த்தான், கேட்கவில்லை. அதைப் பற்றி நினைக்காமல் கையை நீட்டி ஈரக் கோட்டில் பிரஷை வைத்து மேலே இழுத்தான், பெயிண்ட் பெயிண்டோடு சேர்ந்தது, எங்கே பழசு முடிந்தது எங்கே புதுசு தொடங்கினது என்று தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனது, அந்த வழுக்கலில் கை தானாக நீண்டது, கை நீண்டதில் உடம்பு நீண்டது, உடம்பு நீண்டதில் வலது கால் தரையை விட்டுவிட்டு முதல் படியில் வந்து நின்றது, கேட்காமலே வந்து நின்றது. அவன் கீழே பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தான். முன்னே பின்னே இழுத்துச் சமன் செய்து, மேலே ஓர் அரையடி மஞ்சள் கடலாக மாறியிருந்தது, அதற்கு மேல் மறுபடி பல் பல்லாக ஓர் ஈரக் கோடு. கோடு ஏறிவிட்டது. அவனும் ஏறத்தான் வேண்டும். இரண்டாவது படி. இடது கால், பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு வலது கால். ஏணி ஒரு முனகல் முனகியது, சவுக்குக் கம்பு முனகாது, சத்தமே இல்லாமல் நழுவும், இது முனகுகிறது, முனகுகிற ஏணி நல்ல ஏணி, தான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஏணி. இடது கையில் டப்பா, வலது கையில் பிரஷ், பிடித்துக்கொள்ளக் கை இல்லை. வயிற்றைப் படிகளோடு ஒட்டிக்கொண்டான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அடித்தான். கோடு மறுபடியும் மேலே போனது, அவனைப் பார்க்காமல், அவன் வருவான் என்று தெரிந்த மாதிரி.

மூன்றாவது படியில்தான் நின்றுவிட்டது எல்லாம். இடது கால் வைத்தாகிவிட்டது, வலது காலைத் தூக்கியாகிவிட்டது, தூக்கின கால் படியைத் தேடிக் காற்றில் ஒரு கணம் அலைந்தது, அந்த ஒரு கணத்தில் மண்டபத்துச் சுவர் முழுசாக வந்து எதிரே நின்றது. சந்தன நிறம் மேலே மேலே ஓடுகிறது, அவன் கீழே கீழே போகிறான், காற்றுக்கு வாடை இருக்கிறது, டர்பென்டைன் வாடை, அது அப்போதைய வாடையா இப்போதையதா. கண்ணை மூடினான். மூடினால் இன்னும் மோசம். திறந்தான். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பீரோவின் பலகை, மஞ்சள், செண்பகம் அடித்த மஞ்சள், அவள் எப்போதும் கொஞ்சம் தடிப்பாகத்தான் அடிப்பாள், பிரஷ் மயிர் ஒன்று அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. பிரஷ் பிடித்த கையின் நகத்தாலேயே அதைக் கிள்ளி எடுத்தான். அந்தச் சின்ன வேலைதான், மயிர் அகலத்து வேலை, அதைச் செய்து முடித்தபோது வலது கால் படியின் மேல் இருந்தது. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. மூச்சு வந்தது. கையை உயர்த்தி டப்பாவை பீரோவின் உச்சியில் வைத்தான், இடது கை விடுதலையானது, அது பாய்ந்து போய் பீரோவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மரம் அசையவில்லை. அவன் தலை பீரோவின் உச்சியைத் தாண்டி மேலே வந்துவிட்டது, அப்போதுதான் மேல்பலகையைப் பார்த்தான்.

மேல்பலகையை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் செண்பகம் அதில் மஞ்சளைச் சும்மா ஒப்புக்கு ஓட்டியிருந்தாள். அந்த மஞ்சளில், விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, நாலு விரல் அழுந்தின தடம். அவன் கை இப்போது பிடித்திருக்கிற அதே இடத்துக்குப் பக்கத்தில். ஈரத்தில் விழுந்த தடம், விரல்கள் வழுக்கி, மறுபடி இறுக்கி, மறுபடி வழுக்கி, நகம் கீறின கோடு கூட இருந்தது, ஒரு வளையல் உரசின வளைவும் இருந்தது. சாதாரணமாகப் பிடித்த பிடி இல்லை அது. உயிரைப் பிடித்த பிடி. பலவேசம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். செண்பகம் என்றைக்கும் சாரத்தில் ஏறினவள் இல்லை, கீழேயே நின்று கலக்கிக் கொடுக்கிறவள், அன்றைக்கு மண்டபத்தில் அவன் விழுவதை அண்ணாந்து பார்த்தவளும் அவள்தான். விழுந்தவனுக்கு ஒரு உள்ளங்கை அகலச் சுவர் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவெல்லாம் தெரிந்ததோ, அவன் கேட்டதே இல்லை. பல்பு மாற்ற ஏறினபோதெல்லாம் அவன் தரையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்தப் படியில் அவள் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். இறங்கி வந்து, "அம்புட்டுத்தான், என்ன பெரிய வேலை" என்று கையைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்குள் வந்தது துக்கம் இல்லை, வெட்கம் கொஞ்சம் இருந்தது, அதை விடப் பெரிதாக ஒன்று இருந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. பயந்த கையும் வேலையை முடித்திருக்கிறது என்பது அங்கே மஞ்சளில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. பிரஷை எடுத்து நெடும் பலகையின் கடைசி அரையடியை இழுத்தான், உச்சி விளிம்பு வரைக்கும், ஒரே இழுப்பு, இடையில் நிறுத்தாமல். பிறகு மேலேயிருந்து கீழே ஒரு மெல்லிய தடவல், சமன் செய்வதற்கு. தழும்பு இல்லை. தலையைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். எங்கேயும் தழும்பு இல்லை, தரையிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே தண்ணீர். மேல்பலகையையும் விடவில்லை, யார் பார்த்தால் என்ன பார்க்காவிட்டால் என்ன என்று அதையும் அடித்தான், அந்த நாலு விரலை மட்டும் சுற்றி விட்டுவிட்டு.

அதற்குப் பிறகு கை ஓடின ஓட்டத்தை அவனாலேயே பிடிக்க முடியவில்லை. ஏணியை முன்பக்கம் இழுத்து வைத்து, முகப்பின் செதுக்கு வேலைக்குள் சின்ன பிரஷால் கடலை நிரப்பினான். நடுவில் ஒரு திராட்சைக் கொத்து, செதுக்கினவன் திராட்சையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான், ஒவ்வொன்றும் அரைநெல்லிக்காய் போல வரிவரியாக இருந்தது. இறங்கிப் பித்தளைப் பொடியும் வார்னிஷும் கலந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏறினான்; ஏறி மூன்றாவது நெல்லிக்காயில் பொன் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் தான் இறங்கி ஏறியிருக்கிறோம் என்பதே உறைத்தது. இறங்கி, ஏறி, எண்ணாமல். குதிகாலைக் கூர்ந்து கவனித்தான். எறும்பு இருந்தது, இல்லாமல் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் கூட வரட்டும், ஆனால் வேலைக்கு வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். பதினேழு காய். ஒவ்வொன்றிலும் மேல் முதுகில் மட்டும் பொன், பள்ளத்தில் கடல், இலைகளின் நரம்பில் ஒரு கீற்று. ஏணியை நகர்த்தி முன்பக்கம் முழுக்க முடித்தான். மூன்றாவது படியில் நின்று முதுகை நிமிர்த்தினபோது கீழே கண்ணாடியில் அவன் முழங்காலும் லுங்கியும் தெரிந்தன, தலை தெரியவில்லை, கண்ணாடிக்குள் அடங்காத உயரத்தில் தலை இருந்தது. அது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மண்டப வேலையில், அரசாங்கக் கட்டட வேலையில், எத்தனையோ ஆயிரம் சதுர அடி அடித்திருக்கிறான், எதன் முன்னாலும் இப்படி நெஞ்சு விரிந்து நின்றது கிடையாது. வாய் தானாக ஏதோ முனகிக்கொண்டிருந்தது, பாட்டு இல்லை, பாட்டுக்கு முந்தின ஒன்று.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ரோஸ்லின் டீச்சர் கையில் காகிதப் பொட்டலத்தோடு அறை வாசலில் வந்து நின்றார், நின்றவர் உள்ளே வரவில்லை. குடையை மடக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றார். பீரோவைக் கீழேயிருந்து மேலே பார்த்தார், மேலேயிருந்து கீழே பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பலவேசம்" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். "எங்க அண்ணனுக்குப் போட்டோ அனுப்பணும். இப்பவே அனுப்பணும். இறங்கி வாங்க, காப்பி போடுதேன்." "இங்கயே குடுங்க டீச்சர்" என்றான் பலவேசம். "அங்கயா? மேலயா?" "ஆமா. இங்க நல்லாருக்கு." டீச்சர் அவனை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு ஏதோ புரிந்த மாதிரி போய் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கையை உயர்த்தி நீட்டினார், அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். சூடான காப்பி. நாலாவது படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தான். அந்த நிலையில்தான் செண்பகம் வந்து பார்த்தாள். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது, யாரிடமோ கெஞ்சி முன்னாலேயே கிளம்பிவிட்டாள் போல, வேர்த்து விறுவிறுத்து, தோளில் சாப்பாட்டுப் பையோடு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பலவேசம் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான், நன்றாகப் பார்த்தான்.

"தொடலன்னு சொன்னீங்க" என்றாள் செண்பகம்.

"பொய்தான் சொன்னேன்."

"கீழ எறங்குங்க. எனக்கு ஈரக்குலை நடுங்குது."

"தெரியும்ட்டி. மேல வந்து பாத்துட்டேன், ஒன் வெரலு இருக்கு." அவள் சட்டென்று தன் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி, மறைத்துவிட்டு, அழப்போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தார். "இனிமே பல்பு நான் மாத்துதேன்" என்றான் பலவேசம், டம்ளரின் அடியில் இருந்த கடைசி வாய்க் காப்பியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். அண்ணாந்த தலை அப்படியே நின்றது. அறையின் கூரை பழைய கட்டைக்குத்து மச்சு, மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டுக் கட்டினது, கட்டைகளுக்கு இடையில் வெள்ளை பொரிந்து, மூலையில் ஒழுகின கறை படர்ந்து, ஒட்டடை நூல் நூலாகத் தொங்கியது. கண்ணைச் சுருக்கி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தான், கை நீட்டிப் பார்த்தான், இன்னும் நாலரை அடி இருக்கும்.

"டீச்சர், கீழ கடல வச்சுக்கிட்டு மேல இப்படி விட்டா நல்லாருக்காது" என்றான். "இந்த ஏணி காணாது. பெருசு ஒண்ணு பாருங்க."